கடல்நீரின் ஒரு துளியில் 5,000 உயிர்கள்: எண்ணிக் காட்டும் லேசர் கருவி

வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு எதுவும் தென்படாது. ஆயினும் அத்துளியில், ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரேயொரு வகை நுண்ணுயிர் மட்டும் 5,000 வரை இருக்கக்கூடும். 'புரோகுளோரோகாக்கஸ்' எனப்படும் அந்த நுண்ணுயிரே உலகில் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் ஒளிச்சேர்க்கை உயிரினம். பூமியில் நிகழும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ 5 சதவீதம் அதன் பங்கு என மதிப்பிடப்படுகிறது. எனினும் 1980-களின் நடுப்பகுதி வரை அப்படியொன்று இருப்பதே அறிவியல் உலகுக்குத் தெரியாது. அதைக் கண்டறிய உதவியது, மருத்துவ ஆய்வகங்களில் ரத்த செல்களை ஆராயப் பயன்படும் 'ஃப்ளோ சைட்டோமீட்டர்' என்ற கருவி.

கடல் வெப்பமடைந்தால் இந்த நுண்ணுயிரின் உற்பத்தி வெப்பமண்டலப் பகுதிகளில் கணிசமாகச் சரியக்கூடும் என்று 2025-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு எச்சரித்தது. அந்த ஆய்வுக்கு அடிப்படையாக இருந்ததும் இதே தொழில்நுட்பம்தான்.

வரிசையில் செல்லும் செல்கள்

இக்கருவி இயங்கும் முறை எளிமையானது. செல்கள் கலந்த திரவம் மெல்லிய குழாய் வழியே செலுத்தப்படுகிறது. அதைச் சுற்றி மற்றொரு திரவம் வேகமாகப் பாய்வதால், நடுவில் உள்ள ஓட்டம் நூலிழைபோல் குறுகி, செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அவ்வாறு செல்லும்போது ஒவ்வொரு செல் மீதும் லேசர் ஒளி பாய்கிறது. பெரும்பாலும் 488 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளியே பயன்படுத்தப்படுகிறது.

செல்லில் பட்ட ஒளி சிதறுகிறது. முன்னோக்கிச் சிதறும் ஒளியின் அளவிலிருந்து செல்லின் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளியிலிருந்து அதன் உள்ளமைப்பு எவ்வளவு சிக்கலானது என்பதையும் ஊகிக்கலாம். மேலும், செல்லில் உள்ள நிறமிகளோ அதன்மீது ஏற்றப்பட்ட சாயமோ லேசர் ஒளியை உள்வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும். இவை அனைத்தையும் உணரிகள் பதிவு செய்கின்றன. ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்களை இவ்வாறு தனித்தனியே அளவிட முடியும். நுண்ணோக்கியில் கண்பதித்து எண்ணும் ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்தாலும் எட்ட முடியாத எண்ணிக்கை இது.

எண்ணுவதோடு நில்லாமல், வேண்டிய செல்களைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் உள்ளன. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக் ஃபுல்வைலர் 1965-இல் இதற்கான வழியைக் காட்டினார். திரவ ஓட்டத்தை நுண்துளிகளாக உடைத்து, தேவையான செல் அடங்கிய துளிக்கு மட்டும் மின்னேற்றம் அளித்தால், மின்புலத்தில் அத்துளி விலகித் தனிக்குழாயில் விழும். மையை நுண்துளிகளாகத் தெளிக்கும் அச்சு நுட்பத்திலிருந்து இந்த யோசனை பெறப்பட்டது என்பது சுவையான செய்தி. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லியோனார்டு ஹெர்சன்பெர்க், ஒளிரும் நிறத்தைக் கொண்டு செல்களைப் பிரிக்கும் கருவியாக இதை மேம்படுத்தினார். 2006-இல் அவருக்கு கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இக்கருவியின் பயனைப் பலர் பெயர் அறியாமலேயே பெற்றுள்ளனர். எச்ஐவி தொற்றுக்கு ஆளானோரின் ரத்தத்தில் 'சிடி4' செல்களின் எண்ணிக்கை இதன் மூலமே கணக்கிடப்பட்டு வந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்ட பின்னர், மருந்தை எப்போது தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பதில் அந்த எண்ணிக்கை முக்கியப் பங்கு வகித்தது. தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ரத்தப் புற்றுநோயின் வகையைக் கண்டறியவும் இக்கருவி பயன்படுகிறது.

இரைச்சல் என்று கருதப்பட்டவை

கடல் நுண்ணுயிர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரத்த செல்களுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களோ நிறமியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. நீல லேசர் பட்டதும் பச்சையம் சிவப்பாக ஒளிர்கிறது. 1979-இல் கண்டறியப்பட்ட 'சைனகோகாக்கஸ்' என்ற நுண்ணுயிரில் உள்ள மற்றொரு நிறமி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது.

அந்த ஆரஞ்சு ஒளியைத் தேடியே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சாலி சிஷோம், உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ராபர்ட் ஓல்சன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1980-களில் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றினர். ஆடும் கப்பலில் லேசரை நேர்கோட்டில் நிறுத்துவதே பெரும் சவால். கருவியின் திரையில், எதிர்பார்த்த ஆரஞ்சுப் புள்ளிகளுக்குக் கீழே மிக மங்கலான சிவப்புச் சமிக்ஞைகள் திரளாகத் தோன்றின. அவை மின்னணு இரைச்சலாக இருக்கலாம் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால், நீரை எடுத்த ஆழம் கூடக்கூட அச்சமிக்ஞைகளும் வலுவடைந்தன. கருவியின் கோளாறு கடலின் ஆழத்தைப் பொறுத்து மாறாது. ஒளி குறைந்த ஆழத்தில் வாழும் உயிர்கள் கூடுதல் பச்சையத்தைச் சேர்த்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

இக்கண்டுபிடிப்பு 1988-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சுமார் 0.6 மைக்ரோமீட்டர் அகலமே கொண்ட அந்த உயிருக்கு 1992-இல் முறைப்படி பெயர் சூட்டப்பட்டது. அறியப்பட்ட ஒளிச்சேர்க்கை உயிரினங்களில் மிகச் சிறியது இதுவே. ஒரு மில்லி லிட்டர் நீரில் 1 லட்சம் வரையும் அதற்கு மேலும் காணப்படுகிறது. சிஷோமுக்கு 2019-இல் கிராஃபோர்டு பரிசு வழங்கப்பட்டது.

28 டிகிரி என்ற வரம்பு

பழைய முறையில் கடல்நீரைச் சேகரித்து, வேதிப்பொருளால் பதப்படுத்தி, உறைநிலையில் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட 'சீஃப்ளோ' என்ற கருவி, கப்பல் செல்லும் வழியெங்கும் கடல்நீரை நேரடியாக உறிஞ்சி இடைவிடாமல் அளவிடுகிறது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 80,000 கோடி செல்களை அது பதிவு செய்தது.

இந்த நுண்ணுயிர் பகலில் வளர்ந்து இரவில் பிரிகிறது. ஆகவே சிதறும் ஒளியைக் கொண்டு செல்களின் பருமன் மணிக்கு மணி எவ்வாறு மாறுகிறது என்று கவனித்தால், பெருகும் வேகத்தைக் கணக்கிடலாம். ஆய்வகத்தில் வளர்க்காமல், கடலிலேயே அதன் பிறப்பு விகிதத்தை அறியும் வழி இது.

பிரான்சுவா ரிபாலே தலைமையில் நடைபெற்று, 'நேச்சர் மைக்ரோபயாலஜி' இதழில் வெளியான ஆய்வின்படி, நீரின் வெப்பநிலை சுமார் 28 டிகிரி செல்சியஸை எட்டும்வரை அந்த வேகம் அதிகரிக்கிறது. அதைக் கடந்ததும் சட்டென்று சரிகிறது. வெப்பமண்டலக் கடல்களில் அதன் உற்பத்தி இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 17 முதல் 51 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. சத்து குறைந்த கடலில் வாழ்வதற்கு ஏற்ப, இந்நுண்ணுயிர் தேவையற்ற மரபணுக்களைப் படிப்படியாக இழந்து வந்துள்ளது. வெப்ப நெருக்கடியைச் சமாளிக்கும் சில மரபணுக்களும் அவ்வாறே இழக்கப்பட்டவை. வெப்பத்தை ஓரளவு தாங்கும் சைனகோகாக்கஸ் அந்த இடத்தைப் பிடிக்கலாம். எனினும் அதற்குச் சத்துகள் அதிகம் தேவை. அதை உண்டு வாழும் உயிர்களுக்கு, இந்த இடமாற்றம் பழைய உணவுக்கு ஈடாகும் என்று சொல்வதற்கில்லை. வெப்பம் தாங்கும் புரோகுளோரோகாக்கஸ் வகைகள் எங்கேனும் மறைந்திருக்கக்கூடும் என்பதையும் ஆய்வாளர்கள் மறுக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த வரம்பு தொலைவான எண் அல்ல. கோடை மாதங்களில் வங்கக் கடலின் மேற்பரப்பு 28 டிகிரியைத் தாண்டுவது வழக்கமே. ஆனால் சீஃப்ளோ தரவுகளில் பெரும்பகுதி பசிபிக் பெருங்கடலில் திரட்டப்பட்டது. இந்தியப் பெருங்கடலின் நிலையை அவற்றிலிருந்து அப்படியே முடிவுசெய்ய இயலாது. அரபிக்கடலில், ஆக்சிஜன் மிகவும் குறைந்த நீரடுக்கின் மேற்பகுதியில்கூட, மங்கிய ஒளியில் புரோகுளோரோகாக்கஸ் தனி அடுக்காகத் திரண்டு வாழ்வது பதிவாகியுள்ளது. கோவாவின் தோனா பாவ்லாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் உள்ள இத்தகைய நுண்தாவரங்களை ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் எண்ணி ஆராய்கின்றனர்.

கருவிக்கும் எல்லை உண்டு. ஒரே பருமனும் ஒரே நிறமும் கொண்ட இரு இனங்களை அது வேறுபடுத்தாது. ஒட்டிக்கொண்டு செல்லும் இரு செல்களை ஒன்றாகவே எண்ணிவிடும். இக்குறையைப் போக்க, கடந்து செல்லும் ஒவ்வொரு செல்லையும் படம் பிடிக்கும் கருவியை உட்ஸ் ஹோல் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் கடலோரத்தில் நிறுவப்பட்ட அக்கருவி, 2008-இன் தொடக்கத்தில் 'டைனோபிசிஸ்' என்ற நச்சுப்பாசி திடீரெனப் பெருகுவதைப் படங்களில் காட்டியது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் அந்த நச்சு சிப்பிகளில் சேர்வது உறுதியானதும், சிப்பி அறுவடை நிறுத்தப்பட்டு, விற்பனைக்குச் சென்றவை திரும்பப் பெறப்பட்டன. அப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடும் சிப்பி உணவுத் திருவிழா அப்போது சில நாள்களில் தொடங்கவிருந்தது.