121 டிகிரியிலும் பெருகும் உயிர்

அறுவைக் கருவிகளை அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறித்த நேரம் வைத்துத் தொற்றுநீக்குவது மருத்துவமனைகளின் வழக்கம். அவ்வெப்பத்தில் நோய்க்கிருமிகளின் புரதங்கள், வெந்த முட்டையின் வெண்கருவைப் போல, மீளாதபடி உருக்குலைகின்றன. கொதிநீரைத் தாங்கும் கிருமி வித்துகளும் அழிகின்றன.

ஆயினும் அதே 121 டிகிரியில் ஒரு நாளில் இருமடங்காகும் நுண்ணுயிர் ஒன்றை 2003இல் அமெரிக்க அறிவியலாளர்கள் அறிவித்தனர். அது பசிபிக் பெருங்கடலடி வெந்நீர் ஊற்றில் கிடைத்தது.

கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடுகிறது. ஆதலால் 2,500 மீட்டர் ஆழத்தில் 300 டிகிரி நீரும் கொதிப்பதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்களின் புரதங்கள் இறுக மடிந்தவை. அவற்றின் உறைக் கொழுப்புகள் எளிதில் சிதையாதவை. தனி நொதியொன்று மரபுப்பொருளைக் காக்கிறது. அழுத்தமும் துணை நிற்கிறது. இந்தியப் பெருங்கடல் ஊற்றில் கிடைத்த மற்றொரு நுண்ணுயிர், ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியதை ஜப்பானிய அறிவியலாளர்கள் 2008இல் காட்டினர்.

எனில், இவை நம்மைத் தாக்குமோ என்று அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. 2003இல் அறிவிக்கப்பட்ட நுண்ணுயிர் 85 டிகிரிக்குக் கீழே பெருகுவதில்லை. நம் உடலின் 37 டிகிரி அதற்குக் கடுங்குளிர். நம்மைத் தாக்கும் கிருமிகளோ 37 டிகிரியில் செழிப்பவை. நீராவிக் கலனின் வெப்பத்தில் அவை பிழைப்பதில்லை.