சரக்கு சேர்ந்ததா?

லோடு அனுப்பினால் மொத்த வியாபாரிகளாகிய நாம் லாரிக்காரர் சொல்லை மட்டும் நம்புவதில்லை; கடைக்காரருக்கே போன் போட்டு, "சரக்கு சேர்ந்ததா?" என்று கேட்கிறோம். அரசு வேலையிலும் இந்த வழக்கம் பலன் தரும் என்கிறது ஓர் ஆய்வு.

2018-ல் தெலங்கானா அரசு 'ரைத்து பந்து' திட்டத்தில் ஏக்கருக்கு 4,000 ரூபாய் காசோலையை விவசாயிகளுக்கு வழங்கியது. குலுக்கலில் தேர்வான மண்டலங்களின் அலுவலர்களிடம் மட்டும், "விவசாயிகளிடம் போனில் விசாரித்து உங்கள் வேலையை அளப்போம்" என்று அறிவித்தார்கள். அங்கே பணம் கிடைக்காமல் விடுபட்டவர்கள் 7.8 சதவீதம் குறைந்தார்கள். இதனால் கூடுதலாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் செலவு சுமார் 3 ரூபாய் 60 காசுதான்!

தராசு முத்திரைக்கும் உரிமத்துக்கும் நடையாய் நடக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. எவரேனும் விசாரித்தால் "எதற்கு வம்பு" என்று ஒதுங்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்.