ஸ்டியரிங் பேசாத மழை

மலாக்கா மாநிலத்தில் ஜாசினுக்கு அண்மையிலுள்ள பெம்பானில் வசிப்பவர்கள், ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடிவதற்குச் சற்று முன்னர் மேற்கே கடற்பக்கத்திலிருந்து கருந்திரையொன்று எழுந்து வருவதையும், அதற்கு முன்னோடியாகக் குளிர்காற்று வந்து செம்பனை மட்டைகளைச் சடசடவென்று அடித்துச் செல்வதையும், சிறிது நேரத்துக்குள் எதிர்வீட்டுக் கூரையும் கண்ணுக்குப் புலப்படாதபடி மழை இறங்கிவிடுவதையும் நன்கு அறிவார்கள். சுமாத்திராத் தீவின் பக்கத்திலும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவில் திரண்டு, அணிவகுத்துக் கிழக்கு நோக்கி நகரும் இந்தச் சூறைமழைக்கு வானிலை நூலோர் 'சுமாத்திரா' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். தோட்டத்து லோரிகள் புறப்படும் வேளையும் ஏறத்தாழ அதுவே.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாலை, வெளியே இடிமழை கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு முன்னறையில் என் தங்கை மகன் கணினித் திரையிலும் ஒரு மழைக்குள் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். செக் நாட்டின் பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாப்ட்வேர் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற விளையாட்டு அது. மழை எவ்வளவு அடிக்கடி பெய்யவேண்டும் என்பதையும் ஆடுபவனே நிர்ணயித்துக்கொள்ளலாம். மோதினால் வண்டியும் சரக்கும் சேதமாகிப் பணம் நஷ்டமாகும். முப்பது வருஷங்களாகச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிவரும் என் மாமா, பையனின் நாற்காலியில் அமர்ந்து விசைப்பலகையைத் தொட்டார். அவர் முதலில் செய்த காரியம் வைப்பரைப் போட்டது. அடுத்தது, முன்னே யாரும் இல்லாதபோதே வேகத்தைக் குறைத்தது. "ரோடு காலியாத்தானே இருக்கு, தாத்தா?" என்றான் பையன். அவர் அதற்குப் பதில் கூறாமல், வளைவொன்றைக் கடந்தபின் கையை எடுத்துவிட்டு, "என்னய்யா இது, ஸ்டேரிங்கு ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது!" என்றார். மழையில் வண்டி ஓட்டுவதன் பௌதிக ரகசியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

வண்டியை நிறுத்துவது பிரேக் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நிறுத்துவது டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வே. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து முன்னதில் 36 மீட்டரிலும் பின்னதில் 63 மீட்டரிலும் நிற்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குச் செல்வதற்குள் கழியும் ஒன்றரை விநாடியில் ஓடிவிடும் 33 மீட்டர் இதில் சேரவில்லை. ஆனால் அதே ஈரச்சாலையில் வேகத்தை 60 ஆகக் குறைத்துக்கொண்டால் பிரேக்கின் தூரம் 35 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதாவது மழை பறித்துக்கொண்டதை அந்த இருபது கிலோமீட்டர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. லோரி டயரின் பிடிப்பு காரினதைவிடக் குறைவாதலால் மெய்யான தூரங்கள் இன்னும் நீளும். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் ஆரம்ப நிமிஷங்களோ மேலும் கொடியவை: சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் துகளும், தோட்டத்து மண்பாதையிலிருந்து சக்கரங்கள் இழுத்துவந்த செம்மண்ணும் நீரோடு குழைந்து, கழுவிப் போகும்வரை வழவழப்பான பூச்சாகக் கிடக்கின்றன.

நீர் ஆழமாகத் தேங்கினாலோ விஷயமே வேறாகிவிடுகிறது. டயர் தன் முன்னாலுள்ள நீரைத் தன் வரிப்பள்ளங்கள் வழியே வெளியேற்ற நேரமில்லாத வேகத்தை அடைந்தவுடன், நீர் ஆப்புப்போல் அதன் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடுகிறது. வண்டி தரையைவிட்டு நீரின்மேல் செல்கிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவைச் சேர்ந்த வால்டர் ஹார்ன், விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1963இல் சகாவுடன் வெளியிட்ட சூத்திரத்தின்படி, இந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பவுண்டு அழுத்தமுள்ள கார் டயருக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 100 பவுண்டு அடைத்த லோரி டயருக்கோ 167. ஆகவே லோரிக்கு அபாயமில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஹார்னே 1984இல் அந்த எண்ணத்தைத் திருத்தினார்: பாரம் இல்லாத லோரியின் டயர், தரையில் பதியும் தடத்தின் நீளம் குறைந்து அதனோடு ஒப்பிட அகலம் மிகுவதால், நீரை எளிதில் வெளியேறவிடாமல், சாதாரண நெடுஞ்சாலை வேகத்திலேயே மிதக்கத் தலைப்படும். குலைகளை ஆலையில் இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்புகையில்தான் மனம் பதைக்கும் என்று மாமா எத்தனையோ முறை கூறியிருக்கிறார். அப்போதெல்லாம் அதை அவருடைய சுபாவம் என்று எண்ணியிருந்தேன்.

டயர் மிதக்கத் தொடங்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடுகிறது. இருக்கையின் அதிர்வு மாறுகிறது. சக்கரத்தின் இரைச்சல் தேய்கிறது. உள்ளங்கையும் முதுகும் முதலில் அறிந்துகொள்ளும் இச்செய்தி விசைப்பலகை வழியாக வருவதில்லை. எதிர்விசை தரும் விலையுயர்ந்த ஸ்டியரிங் சாதனங்கள் அதில் ஓரளவை மட்டும் தருகின்றன.

இத்தகைய பாவனைப் பயிற்சியின் சரித்திரமும் மோசமான வானிலையிலிருந்தே வளர்ந்தது. நாடக அரங்குகளுக்கான ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தம் தந்தையின் தொழிற்சாலையில், அவ்வாத்தியத்தின் காற்றுத்துருத்திகளைக் கொண்டே, ஆடி அசையும் விமானப் பயிற்சிப் பெட்டியை 1929 வாக்கில் உருவாக்கினார் எட்வின் லிங்க். 1934இல் தபால் சுமந்த அமெரிக்க ராணுவ விமானிகள் மேகத்திலும் பனிமூட்டத்திலும் மடிந்தபோதே ராணுவம் அவற்றில் ஆறை வாங்கியது. மேகத்துக்குள் மனிதனின் உட்செவி பொய் சொல்லும். உடலை நம்பாமல் கருவியை நம்பு என்பதே அப்பெட்டி கற்பித்த பாடம். லோரிச் சாரதிக்கோ உடலே கருவி. ஆகையால் பையனின் விளையாட்டு அவனுக்கு இடைவெளி விடவும், விளக்குப் போடவும், முன்செல்லும் வண்டி வாரியடிக்கும் நீர்த்திவலைக்குள் அவசரப்படாதிருக்கவும் கற்பிக்கலாம். நான் அதை மனமார வரவேற்கிறேன். வழுக்கலின் முதல் அறிவிப்பை மட்டும் அது அவன் கையில் வைக்க முடியாது.

மறுநாள் விடியற்காலையில் சுமாத்திரா அடித்தது. மாமா டார்ச்சோடு இறங்கி, டயர்களின் வரிப்பள்ளங்களில் ஒவ்வொன்றாக விரல்நுனியை விட்டுப் பார்த்துவிட்டு, மழை வரிசை கடந்துபோகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். குடையோடு பின்தொடர்ந்த பையனை ஏற்றித் தம் இடத்தில் உட்காரவைத்தார். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டியரிங்கின்மேல் பரப்பி, கண்ணாடியில் வழியும் நீரைப் பாராமல், தலையைச் சற்றுச் சாய்த்து, அதன் நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.