செம்பருத்தியின் ஒரு நாள்

காலையில் மலர்ந்த செம்பருத்தி பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வாடிவிடுகிறது. அதைப் படம் பிடிக்க விரும்புகிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அதிலும் காற்று எழுவதற்கு முன்னுள்ள ஒரு நாழிகைதான்.

சாதாரண லென்ஸ் பூவை மிக நெருங்கியதும் தெளிவை இழந்துவிடும். மாக்ரோ லென்ஸோ பொருளை அதன் அசல் அளவிலேயே பிலிமிலோ சென்ஸாரிலோ விழச் செய்யும். 1956-ல் ஜப்பானில் நிக்கான் கம்பெனியார் இவ்வகை லென்ஸ் ஒன்றை வெளியிட்டது, நெருக்கமான ஜப்பானிய எழுத்துக்களை மைக்ரோபிலிமில் பதிப்பதற்காகவே. ஏட்டுக்கென்று பிறந்தது பூவுக்கு வாழ்க்கைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கஷ்டம் இனிமேல்தான். அசல் அளவில், எஃப் 8 துவாரத்தில், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டரே. நுனியிலுள்ள ஐந்து சூல்முடிகளைக் குறிவைத்தால், பின்னுள்ள மகரந்தப் பைகள் மங்கிவிடும். துவாரத்தை மிகவும் சுருக்கினாலோ ஒளி வளைந்து பரவிப் படம் முழுவதுமே கூர்மை குன்றிவிடும். ஆகவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸைத் திருகாமல், காமிராவையே மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். காம்பை ஒரு குச்சியில் தளரக் கட்டலாம். பறித்து ஜாடியில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் இதழின் நரம்புகள் துலங்கும்.

செம்பருத்தி கைவந்த பிறகு தும்பைக்குப் போகலாம்.