வெயில் ஏறினால் 5ஜி அலை இளைப்பது ஏன்?

2022 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முடிந்த 5ஜி ஏலத்தில், 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நாட்டின் எல்லாத் தொலைத்தொடர்பு வட்டங்களிலும் ஜியோவும் ஏர்டெல்லும் வாங்கின. வட்டத்துக்கு ஜியோவுக்கு 1,000 மெகாஹெர்ட்ஸ், ஏர்டெல்லுக்கு 800. தமிழ்நாடும் இதில் அடக்கம். சுமார் 11.5 மில்லிமீட்டரே நீளமுள்ள இந்த அலை மிகுந்த வேகம் தரும். ஆனால் வெகுதூரம் போகாது. அதை உந்தி அனுப்பும் வேலை, சிப்புக்குள் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருடையது.

இந்தச் சிப் அடங்கிய பெட்டியை விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் ஒரு மொட்டை மாடியில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், மூடிய பெட்டிக்குள் சிப் 85 டிகிரியைத் தாண்டுவது எளிது. வெயில் மட்டுமே காரணம் இல்லை. 5ஜி சமிக்ஞை சிதையாமலிருக்க ஆம்ப்ளிஃபயரை அதன் உச்சத் திறனுக்குக் கீழேயே இயக்க வேண்டும். அப்போது உள்ளே போகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அலையாக வெளிவந்தாலே நல்ல சிப் எனலாம். மீதி முழுவதும் சூடு.

வெப்பம் செய்யும் வேலை

கணினி, கைபேசி சிப்புகளைப் போலவே இதையும் சிமாஸ் (CMOS) முறையில் சிலிக்கானில் செய்வதுண்டு. சூடேறினால் சிலிக்கான் அணுக்கள் கூடுதலாக அதிரும். எலக்ட்ரான்கள் அவற்றில் முட்டி வேகம் குறையும். 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் எலக்ட்ரான்களின் நகர்திறன் ஏறத்தாழ கால்பங்கு சரிகிறது. செம்புத் தடங்களின் மின்தடையும் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறுகிறது.

ஆம்ப்ளிஃபயரில் பல அடுக்குகள் உண்டு. அடுக்குக்கு ஒரு டெசிபல் பெருக்கம் குறைந்தாலும் மூன்று அடுக்கில் 3 டெசிபல் போய்விடும். அதாவது வெளிவரும் திறன் பாதி. பல சிப்புகள் சேர்ந்து உந்தும் ஆன்டெனா வரிசையில் இன்னொரு சிக்கல். நடுவில் உள்ள சிப்புகள் ஓரத்தில் உள்ளவற்றைவிடச் சூடாகும். எல்லாம் சமமாக உந்தாவிட்டால் அலைக்கதிரின் வடிவம் கெட்டு, வேண்டாத திசைகளிலும் அலை கசியும்.

ஈடுகட்டும் வழிகள்

எளிய வழி, டிரான்சிஸ்டரை இயங்குநிலையில் வைக்கத் தரும் பயஸ் மின்னோட்டத்தை வெப்பத்தோடு சேர்த்து உயர்த்துவது. கெல்வின் அளவில் வெப்பம் ஏறும் அதே விகிதத்தில் மின்னோட்டத்தை ஏற்றும் சுற்றுகள் நெடுங்காலமாக உண்டு. ஆனால் 25-லிருந்து 85 டிகிரிக்குப் போவது கெல்வினில் 298-லிருந்து 358. வெறும் 20 சதவீத உயர்வு. இழந்ததை மீட்க அது பெரும்பாலும் போதாது. அதனால் ஏற்றத்தை இன்னும் செங்குத்தாக்குகிறார்கள்.

இரண்டாவது வழி, சிப்பிலேயே வெப்ப உணரியை வைத்து, எந்த வெப்பத்துக்கு எவ்வளவு பெருக்கம் என்ற அட்டவணையைப் பதிந்துவிடுவது. மூன்றாவது, வெளிவரும் அலையில் சிறு துளியை எடுத்து அளந்து, குறைந்தால் கூட்டுவது. இதுவே நம்பகமானது, ஆனால் அளக்கும் சுற்றும் அதே சூட்டில்தான் இருக்கிறது. அதற்கும் தனியே திருத்தம் வேண்டும்.

குளிர்ந்த வேளையில் கதை தலைகீழ். அப்போது பெருக்கம் கூடிப்போகும், சமிக்ஞை சிதையும். அதையும் அடக்கியாக வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

இந்த ஈடு இலவசம் இல்லை; வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் மின்னோட்டம் கேட்கும். ஆகவே ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் திறனைக் குறைத்துச் சிப்பைக் காப்பாற்றுகிறார்கள். சுற்றின் சாமர்த்தியம் அந்த வரம்பு வரைதான். அதற்கு மேல் வேலை சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகளுக்கும் பெட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் நிழலான இடத்துக்கும் உரியது.

ஆகவே ஒரு கருவியின் திறன் இவ்வளவு என்று யாராவது சொன்னால், எத்தனை டிகிரியில் என்றும் கேட்க வேண்டும். குளிரூட்டிய ஆய்வகத்தில் 25 டிகிரியில் எடுத்த எண் விருதுநகர் மாவட்டத்துக் கோடைக்குப் பொருந்தாது. இங்கே தேவைப்படுவது 85 டிகிரிக் கணக்கு.