மண்ணில் பழகிய நாயும் டைல்ஸ் பதித்த வீடும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், ஜவ்வாது மலையில் அமைந்த காவலூர், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் வெளியுலகுக்கு அறிமுகமான ஊர். எனினும் அம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களில் நாய் வளர்க்கப்படும் முறையும், நகரத்தில் நாயைத் தத்தெடுக்க எண்ணுவோர் கருதிப் பார்க்கத் தக்கது. மலையூர் நாய் வீட்டுக்கு உரியதே தவிர வீட்டுக்குள் வாழ்வதன்று. கொல்லைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நின்று, வாசலிலோ தாழ்வாரத்திலோ படுத்து, உடல் உந்தும்போது புதரோரம் ஒதுங்கித் திரும்பும் அந்நாய்க்கு எங்கே சிறுநீர் கழிக்கலாம், எங்கே கூடாது என்று எவரும் கற்பிப்பதில்லை. கற்பிக்க வேண்டிய தேவையும் அங்கே எழுவதில்லை. அத்தகைய நாயோ அதன் குட்டியோ சென்னையிலோ வேலூரிலோ டைல்ஸ் பதித்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் கொண்டுவந்து விடப்படும் நாளில்தான் ‘வீட்டை அசுத்தம் செய்யும் நாய்’ என்ற குற்றச்சாட்டு பிறக்கிறது.

தத்தெடுப்புக்கு வரும் நாயைப் பற்றி மக்கள் முதலில் கேட்பது, அதற்கு ‘டாய்லெட் டிரெயினிங்’ ஆகிவிட்டதா என்பதே. ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லிவிடக்கூடிய அக்கேள்வியால் பெரிய பயன் ஏதும் இல்லை. அந்நாய் இதுவரை எந்தத் தரையில் கழித்து வந்தது, ஒரு நாளில் எத்தனை முறை வெளியே விடப்பட்டது, அடைபட்டிருந்தபோது தான் படுக்கும் இடத்தை விட்டு விலகிக் கழிக்க அதற்கு வழியிருந்ததா ஆகியவற்றைக் கேட்டறிந்தால், புதிய வீட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணித்துவிடலாம்.

இதற்கான அடிப்படை குட்டியின் முதல் இரண்டு மாதங்களில் இடப்படுகிறது. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாவால் நக்கித் தூண்டும்போதே அது கழிக்கிறது, அக்கழிவைத் தாயே உண்டு படுக்கையைத் தூய்மையாக வைக்கிறது. மூன்றாம் வார அளவில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், படுக்கையை விட்டுச் சற்று அப்பால் சென்று கழிக்க முற்படுகிறது. படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாத இந்த இயல்பு நாய்க்குப் பிறவியிலேயே வாய்த்தது. வீட்டுப் பயிற்சி என்பது இவ்வியல்பைப் படுக்கையிலிருந்து வீடு முழுவதற்கும் விரிவாக்குவதன்றி வேறில்லை. எட்டாம் வார அளவில் இதனோடு இன்னொன்று சேர்கிறது. கழிக்கும்போது காலடியில் உணரப்பட்ட தரை, அது மண்ணோ புல்லோ சிமெண்டோ, அடுத்தடுத்த முறைகளில் குட்டி தேடிச் செல்லும் தரையாகிவிடுகிறது. தளப் பழக்கம் என்று இதனைக் குறிப்பிடலாம்.

தளப் பழக்கத்தைப் புரிந்துகொண்டால், பொதுவாக நம்பப்படுவதற்கு மாறான ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. கூரைக்குக் கீழேயே வாழ்ந்திராத மலையூர் நாயைவிட, பல மாதங்கள் காப்பகத்துச் சிமெண்ட் கூண்டில் அடைபட்டிருந்த நாய்க்கே வீட்டுப் பழக்கம் கடினமாக அமையும். மண்ணில் பழகிய நாய் மண்ணைத் தேடுகிறது. அதனை உரிய நேரத்தில் மண்ணுள்ள இடத்துக்கு அழைத்துச் சென்றால் பணியில் பாதி முடிந்தது. காப்பக நாயோ உண்ணும் இடமும் உறங்கும் இடமும் கழிக்கும் இடமும் ஒன்றேயான நிலையில், காலையில் குழாய் நீரால் கழுவிவிடப்படும் வழவழப்பான தரையே கழிப்பிடம் என்று நாள்தோறும் பழகியிருக்கிறது. அந்நாயின் பார்வையில் வீட்டுக் கூடமும் கூண்டும் ஒரே தன்மையுடையவை. இடநெருக்கடியில் இயங்கும் காப்பகங்களைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. நாளுக்கு இருமுறை நாயைக் கூண்டுக்கு வெளியே மண்தரையில் நடத்திச் செல்லும் ஒரு தன்னார்வலர் அந்நாயின் தத்தெடுப்பு வாய்ப்பை எவ்வளவு உயர்த்துகிறார் என்பதைக் காட்டவே சொல்லப்படுகிறது.

மலையூர் நாய்க்கும் தனக்கே உரிய தொல்லை உண்டு. காங்கிரீட்டும் தாரும் மட்டுமே உள்ள தெருவில் அரை மணி நேரம் நடத்திச் சென்றாலும் அது கழிக்காமல் அடக்கிக்கொண்டு திரும்பி, வீட்டுக்குள் நுழைந்ததும் மண்ணைப்போல் மெத்தென்றிருக்கும் கால்மிதியில் கழித்துவிடக்கூடும். இதைப் பிடிவாதம் என்றும் பழிவாங்கல் என்றும் கொள்வோர் பலர். உண்மையில் அது தளத்தை மாற்றிக்கொள்ளத் தெரியாத தவிப்பு. அகலமான தட்டு ஒன்றில் தோட்ட மண்ணை நிரப்பி மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, நாய் அதில் கழிக்கப் பழகிய பின் மண்ணின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் இச்சிக்கல் தீரும். செய்தித்தாளை விரித்துப் பழக்கும் முறை எளிதாகத் தோன்றினாலும், பின்னர் தரையில் கிடக்கும் எந்தத் தாளையும் நாய் விட்டுவைக்காது என்பதால் அதனைத் தற்காலிக ஏற்பாடாகக் கொள்வதே நல்லது.

வீட்டுக்குள் கழிக்கும் எல்லா நாய்களும் பயிற்சி இல்லாதவை என்று கொள்வது தவறு. எங்கே, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் கவனித்தால் காரணம் வேறுபடுவது விளங்கும். சுவரோரம், கதவு நிலை, சோபாவின் கால் போன்ற நிமிர்ந்த பரப்புகளில் காலைத் தூக்கிச் சிறிதளவு தெளிப்பது எல்லை குறித்தல் எனப்படும். பருவமெய்திய ஆண் நாய்களிடம் இது மிகுதி, கருத்தடை செய்தால் ஏறத்தாழ பாதி நாய்களில் இது வெகுவாகக் குறைகிறது. ஆள் குனிந்து தடவ வரும்போதோ குரல் உயரும்போதோ உடலைத் தாழ்த்திச் சிறுநீர் விடுவது பணிவின் அடையாளம். அடிபட்டு வளர்ந்த நாய்களிடமும் இளங்குட்டிகளிடமும் காணப்படும் இதற்கு அதட்டல் மருந்தாகாது, அதட்டலே காரணம். வீட்டில் எவரும் இல்லாதபோது மட்டும், அதுவும் குரைப்பும் கதவைப் பிராண்டுதலும் சேர்ந்து நிகழ்ந்தால், அது தனிமையச்சம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக நோய் இல்லை என்பது உறுதி செய்யப்பட வேண்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குடற்புழுக்கள், தோல் நோய்க்காகத் தரப்பட்ட ஸ்டீராய்டு மருந்து ஆகிய ஒவ்வொன்றும் நன்கு பழகிய நாயையும் வீட்டுக்குள் கழிக்க வைக்கும். கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்களுள் சிலவற்றில், ஈஸ்ட்ரோஜன் குறைவால் சிறுநீர்த் துவாரத்தை இறுக்கும் தசை தளர்ந்து, உறக்கத்தில் சிறுநீர் கசிவதுண்டு. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்கள் தத்தெடுப்புக்கு வருவது வழக்கமாதலால் இதனை அறிந்திருப்பது பயனுள்ளது, இக்கசிவு மாத்திரையால் பெரும்பாலும் கட்டுக்குள் வரக்கூடியதும்கூட. நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவக்கூடும் என்பதால், வீட்டுக்குள் கழிந்ததை வெறுங்கையால் துடைக்கலாகாது. 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னைவாசிகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. மற்ற ஊரார்க்கு அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு.

பழக்கும் முறை எளியது, கடைப்பிடிப்பதே கடினம். உணவைத் தட்டில் நாள் முழுதும் விட்டுவைக்காமல் வேளைக்கு அளித்தால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்குபடும். இரைப்பை நிறையும்போது பெருங்குடல் இயக்கம் பெறுவதே அதற்குக் காரணம். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே அழைத்துச் செல்லவேண்டும். இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. நாய் தரையை முகர்ந்து வட்டமிடத் தொடங்குவது கழிப்பதற்கான முன்னறிவிப்பு. (செக், ஜெர்மானிய ஆய்வாளர்கள் 70 நாய்களைக் கவனித்து, புவிக் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது அவை வடக்குத் தெற்காக நின்று கழிக்க விரும்புகின்றன என்று 2013-இல் எழுதி, மறு ஆண்டு இக்நோபல் பரிசும் பெற்றனர், பயிற்சிக்கு அதனால் பயன் இல்லையெனினும், அந்த வட்டத்தை ஊன்றிப் பார்க்கத் தூண்டியது அவர்களின் நற்பணி.) கழித்து முடித்த அந்த நொடியில், அதே இடத்தில் தின்பண்டம் தரப்பட வேண்டும்; வீடு திரும்பியபின் தந்தால் வீடு திரும்பியதற்கான பரிசாகவே நாய் அதனைக் கொள்ளும். கழிந்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும், மனிதர் பார்க்கையில் கழிப்பது ஆபத்து என்ற ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. பின்னர் அந்நாய் வெளியே உடன் வருபவர் முன்பும் கழிக்க அஞ்சி, கட்டிலுக்கடியில் கழிக்கும். அம்மோனியா கலந்த திரவத்தால் தரையைத் துடைத்தால் சிறுநீரின் வாடையே மேலும் வலுப்பெறும். பினாயில் மனித மூக்குக்கு மட்டுமே வாடையை மறைக்கும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் யூரியாவையும் பிற கழிவுப் பொருள்களையும் சிதைப்பதால் அதுவே ஏற்றது. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைப் பிற நாய்கள் கழிக்கும் தெருவோரத்துக்குக் கொண்டு செல்வது பார்வோ வைரஸை வலிய அழைப்பதாகும் என்பதால், அதுவரை மாடியில் வைத்த மண்தட்டே போதும்.

இப்பிரச்சினை தீரக்கூடியதே என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் மேகன் ஹெரான் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திலிருந்து நாய் எடுத்துச் சென்றோரில் ஒரு சாராருக்கு வீட்டுப் பழக்கம் பற்றி ஏறத்தாழ 5 நிமிட ஆலோசனை மட்டும் அளிக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது அவர்களுள் 98 சதவீதத்தினரும், ஆலோசனை பெறாதோருள் 86 சதவீதத்தினரும் தம் நாய் பழகிவிட்டதாகக் கூறினர். ஆலோசனை இல்லாமலேயே பெரும்பான்மை நாய்கள் பழகிவிட்டன என்பதும், எஞ்சியவற்றின் பெரும்பகுதியை 5 நிமிடப் பேச்சு மீட்டுத்தந்தது என்பதும் தமிழ்நாட்டுக் காப்பகங்கள் உடனே கைக்கொள்ளத் தக்கவை. அதற்குத் தனிச் செலவும் இல்லை.

செலவு பிடிப்பது, தத்தெடுத்த நாயைத் திருப்பி விடுவதுதான். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணை, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று கூறி, அவ்வாறு எடுக்கப்பட்ட நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வதை எடுத்தவரின் பொறுப்பாக்கியது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமும், பசியாலோ தாகத்தாலோ வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாகவே கொள்கிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரையிலான அதன் அபராதம் இன்று எவரையும் அச்சுறுத்தும் தொகையன்று. எனவே தடுப்பு, சட்டத்தைவிடத் தத்தெடுக்கும் நாளிலேயே அமைய வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு வாரங்கள் பகலில் வீட்டில் ஒருவரேனும் இருக்க வழியில்லாத குடும்பம், நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வழி பிறக்கும்வரை தத்தெடுப்பைத் தள்ளிவைக்க வேண்டும். வழியுள்ள குடும்பம் காப்பகத்தில் கையெழுத்திடுமுன், அந்நாய் எந்தத் தரையில் கழித்துப் பழகியது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.