மலைக்கு அனுப்பிய பிள்ளைகள்

மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஒழுங்கைகளில் நின்று பார்த்தால், புத்தகப் பையோடு ரியூட்டரிக்குப் போகும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களில் பலருடைய தாய் தகப்பன் கொழும்பில் இல்லை. வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிறார்கள். பிள்ளை மாமி வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான்.

யுத்த காலத்தில் உயிருக்குப் பயந்து பிள்ளைகளை அனுப்பினோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பிள்ளையையாவது ஒரு பாதுகாப்பான இடத்தில் விடவேண்டும் என்று நினைக்காத பெற்றார் இல்லை. 2009க்குப் பின்னர் படிப்புக்காக அனுப்புகிறோம். எங்களில் சிலருக்குக் காணி திரும்பக் கிடைத்துவிட்டது. சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். ஆனால் காணி கிடைத்தவர் வீட்டிலும் பிள்ளையின் பாய் சுருட்டியபடியே கிடக்கிறது.

பிள்ளையைத் தூர அனுப்பிப் படிப்பிக்கும் இந்தத் துயரம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் மண்ணில் வந்து குடியிருந்த மிஷனரிக் குடும்பங்களும் இதை அனுபவித்தன. அவர்கள் அதற்கு என்ன வழி தேடினார்கள், அந்த வழியில் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று அறிவது எங்களுக்கும் பயன் தரும்.

உடுவிலிலிருந்து போன மகன்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் கொழும்பில் வந்திறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வந்தவர்களுள் மைரன் வின்ஸ்லோவும் அவருடைய மனைவி ஹரியற் வின்ஸ்லோவும் இருந்தனர். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் இந்த அம்மையார்தான். கணவர் பிற்காலத்தில் சென்னையில் இருந்து 1862இல் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டவர்.

பிறர் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய அந்தத் தாய்க்குத் தன் பிள்ளையை எங்கே படிப்பிப்பது என்ற கேள்வி வந்தது. காய்ச்சலும் வாந்திபேதியும் பல மிஷனரிக் குழந்தைகளை யாழ்ப்பாண மண்ணிலேயே புதைக்க வைத்த காலம் அது. அத்துடன் எமது மக்களிடையே வளர்ந்தால் பிள்ளைகளின் பழக்கவழக்கம் கெட்டுவிடும் என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மூத்த மகன் சார்ள்ஸ் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். கடற்பயணமே பல மாதங்கள். 1832இல், அங்கு போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில், நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது 11. தாய் 1833 ஜனவரியில் உடுவிலில் காலமானார்.

வேலூர் வைத்தியசாலையை அறியாத தமிழர் இல்லை. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றார் ஊழியத்துக்காக இந்தியா திரும்பியபோது, சிறுமியான ஐடாவை அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுச் சென்றனர். அந்தப் பிரிவின் வேதனை அவருக்குள் நெடுங்காலம் இருந்தது. தான் ஒருபோதும் மிஷனரியாகப் போவதில்லை என்றே அவர் முதலில் உறுதி கொண்டிருந்தார்.

மலையில் இரண்டு வீடுகள்

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து சென்றவர்களே 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கினர். அங்கும் நோயால் மரணங்கள் தொடர்ந்தன. முதலில் திண்டுக்கல்லுக்கு அருகேயுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பின்பு பழனி மலைத்தொடரில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலைத் தெரிந்தெடுத்தார்கள். 1845இல் அங்கே இரண்டு வீடுகள் கட்டப்பட்டன. இன்று உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் அந்த ஊர், நோயாளித் தாய்மாரும் குழந்தைகளும் உயிர் பிழைப்பதற்காக ஏறிய இடமாகத்தான் தொடங்கியது.

அக்காலத்தில் மேலே போக வண்டிப்பாதை இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் நாற்காலியில் இருத்தித் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் கூலித் தொழிலாளர். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பதின்மூன்று பிள்ளைகள்

1901இல் அந்த மலையிலே மிஷனரிப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. ஹைக்ளர்க் என்ற பெயருடைய ஒரு ஹோட்டல் கட்டடத்தில், 13 பிள்ளைகளோடு அது ஆரம்பமாயிற்று. முதலில் அதற்குப் பொறுப்பாக இருந்தவர் மார்கரெட் எடி என்ற அம்மையார். அவரும் ஒரு மிஷனரியின் தாயார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய குடும்பங்களின் பிள்ளைகளும் பின்னர் அங்கே படித்தனர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் அந்தப் பயணம் இலகுவாயிற்று. கோச்சி, கப்பல், மறுபடியும் கோச்சி, பின்பு மலைப்பாதை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பல மாதக் கடற்பயணம் சில நாட்பயணமாகக் குறைந்தது. பிள்ளையைப் பாடசாலைக்குத் தூர அனுப்புவதை விட்டு, பாடசாலையைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

அடுத்தது, ஆண்டின் அட்டவணையைக் குடும்பத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். சமவெளியில் வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் பெற்றார் மலைக்கு வந்து பிள்ளைகளோடு ஒரே வீட்டில் தங்கினர். மலையில் குளிர் கூடும் ஆண்டு முடிவில் நீண்ட விடுமுறை விட்டு, பிள்ளைகள் பெற்றாரிடம் இறங்கி வந்தனர். இப்படி ஆண்டில் இரண்டு முறை குடும்பம் ஒன்று கூடியது. எஞ்சிய மாதங்களைக் கடிதங்கள் தாங்கின.

பெற்றதும் இழந்ததும்

பிள்ளைகள் உயிரோடு வளர்ந்தார்கள், நன்றாகப் படித்தார்கள். ஆனால் மலையும் ஒரு விலை கேட்டது. ஆறு ஏழு வயதிலேயே விடுதிக்கு வந்த பிள்ளைக்குத் தாயின் கை கிட்டவில்லை. தமிழ் நாட்டின் நடுவிலே வாழ்ந்தும், படித்தது அமெரிக்கப் பாடம். விடுமுறையில் அமெரிக்கா போனால் அங்கேயும் அந்நியர். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர், இத்தகையவர்களை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று அழைத்தார். பெற்றாரின் ஊரும் முழுமையாகத் தமதல்ல, வளர்ந்த ஊரும் தமதல்ல. இரண்டுக்கும் நடுவே ஓர் உலகம்.

இன்னொரு குறையும் இருந்தது. நெடுங்காலம் அந்தப் பாடசாலை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. அவர்களைச் சுமந்து ஏற்றியவரின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. 1970களில்தான் அது சர்வதேசப் பாடசாலையாக மாறி, பல நாட்டுப் பிள்ளைகளையும் இந்தியப் பிள்ளைகளையும் பெருமளவில் சேர்த்துக்கொண்டது.

எங்களுக்கு என்ன பாடம்?

வெள்ளவத்தை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மலைதான். அங்கே பாதுகாப்பு உண்டு, படிப்பு உண்டு. ஆனால் வயலில் வரம்பு கட்டத் தெரியாமல், ஊர்க் கோயிலின் திருநாள் எப்போது என்று அறியாமல், ஊருக்கு வந்தால் விருந்தாளி போல் நிற்கும் பிள்ளையும் அங்கேதான் வளர்கிறது. அனுப்பிய பெற்றாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேறு வழி இல்லாமல் அனுப்பியவர்களே பலர். அனுப்பியபின் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பணம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு. பெரும்போக அரிவு வெட்டுக் காலத்தில் ஒரு கிழமையாவது பிள்ளை வீட்டில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பாடசாலை விடுமுறையும் ரியூசன் வகுப்புக்குப் போய்விடாமல் காப்பாற்றலாம். தொலைபேசியில் பேசும்போது புள்ளிகளை மட்டும் கேளாமல், இன்று கிணற்றில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பசு கன்று போட்டது என்று சொல்லலாம். பிள்ளையை வைத்திருக்கும் மாமிக்கோ சித்திக்கோ இது எவ்வளவு பெரிய சுமை என்பதையும் நினைத்து, ஒரு சாக்கு நெல்லோ நன்றியான ஒரு சொல்லோ அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பாடசாலையைக் கவனிக்க வேண்டும். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, விஞ்ஞான கூடம் இல்லை என்றுதான் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். ஒரு குடும்பம் தனியே கேட்டால் எவரும் கேளார். பெற்றார் சங்கமாகச் சேர்ந்து, வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுத்து, பதில் வரும்வரை விடாது கேட்கவேண்டும். பல மாதத் தூரத்தைச் சில நாட்களாகக் குறைத்தவர்களும் ஒரே நாளில் அதைச் செய்யவில்லை. சார்ள்ஸ் இறந்ததற்கும் அந்த 13 பிள்ளைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 70 ஆண்டுகள். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு காலம் இல்லை.

கூடிப் பேசுவோம்

1. எமது கிராமத்தில் எத்தனை பிள்ளைகள் படிப்புக்காக வெளியே தங்கியிருக்கிறார்கள்? எந்தக் குறை தீர்ந்தால் அவர்கள் ஊரிலேயே படிப்பார்கள்?

2. கடைசியாகப் பிள்ளையோடு பேசியபோது படிப்பைத் தவிர வேறு எதைப் பேசினோம்?

3. இந்தப் போகத்தில் பிள்ளை வீட்டில் நிற்கக்கூடிய நாட்கள் எவை? இப்போதே நாட்காட்டியில் குறித்து வைப்போமா?